டம்ளருக்கு வெளியே வந்த தண்ணீர்

நேயர்களுக்கு வணக்கம். ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை படிக்கிற பிள்ளைகளுக்கு, அறிவியல் பாடத்தில் வீட்டிலிருந்து எப்படி உதவலாம் என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். இந்தப் பேச்சை எடுத்தாலே பெற்றோர் பலர், "எனக்கே சயின்ஸ் வராதுங்க, நான் என்னத்தச் சொல்லிக் கொடுக்கிறது?" என்று ஒதுங்கிக்கொள்வார்கள். இந்த வயதுப் பாடத்துக்கு நீங்கள் சொல்லிக் கொடுக்கவே வேண்டாம். விடையைச் சொல்ல ஆசிரியர் இருக்கிறார், புத்தகம் இருக்கிறது, கடையில் கைடும் இருக்கிறது. அந்த விடை வருவதற்கு முன்னாலேயே பிள்ளை தன் மனதில் ஒரு விடையை வைத்திருக்கும். அது என்னவென்று கேட்டுத் தெரிந்துகொள்ள வகுப்பில் நேரம் கிடைப்பதில்லை. வீட்டில் கிடைக்கும்.

ஓர் எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் ஊற்றி, நாலைந்து ஐஸ் கட்டி போட்டு மேசையில் வையுங்கள். வெளிப்பக்கத்தை நன்றாகத் துடைத்துவிடுங்கள். கொஞ்ச நேரத்தில் வெளியே பொட்டுப் பொட்டாக நீர் கோக்கும். "இந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது?" என்று கேளுங்கள். "ஆவி சுருங்குதல்" என்று புத்தகத்தில் படித்த பிள்ளைகூட, இப்படித் திடீரென்று கேட்டால், "உள்ளே இருந்து கசிஞ்சு வந்திருக்கும்" என்று சொல்வதுண்டு. உடனே தப்பு என்று சொல்லிவிடாதீர்கள். "சரி, கசிஞ்சதா இல்லையான்னு எப்படிக் கண்டுபிடிக்கலாம்?" என்று கேளுங்கள்.

பிள்ளைக்கே யோசனை வரும். வராவிட்டால் ரோஸ்மில்க் எசன்ஸை எடுத்துக் கொடுங்கள். உள்ளே இருக்கும் தண்ணீர் சிவப்பாகட்டும். மறுபடி துடைத்துவிட்டுக் காத்திருங்கள். வெளியே கோத்த நீரை வெள்ளைத் துணியால் ஒற்றினால் துணியில் சிவப்பு துளியும் இருக்காது. கசிந்த நீர் என்றால் நிறமும் கூட வந்திருக்க வேண்டுமே! விவரமான பிள்ளை, "மேல் வழியா ஆவியா வெளியே வந்து ஒட்டியிருக்கும்" என்று அடுத்த வாதத்தை எடுக்கும். நல்ல வாதம்தான். ஒரு மூடி போட்டு மூடிப் பாருங்கள், அப்போதும் கோக்கும். காற்றில் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கிற நீராவிதான் குளிர்ந்த டம்ளரில் பட்டு நீராகிறது என்பதை இப்போது சொன்னால், அது பிள்ளையின் சொந்தக் கேள்விக்கு வந்த பதிலாக இருக்கும். சென்னையிலோ தூத்துக்குடியிலோ இருப்பவர்களுக்கு இது சட்டென்று நடக்கும். உள் மாவட்டங்களில், சித்திரை மாத மதியத்தில் காற்று காய்ந்து கிடக்கும்போது செய்தால் நீர் கோக்க நேரமாகலாம், குறைவாகவும் இருக்கலாம். அது ஏன் என்று யோசிக்கவே இன்னொரு மாலைப்பொழுது வேண்டும்.

அமிலம், காரம் பாடம் வந்தால் நமக்குக் கொண்டாட்டம்தான். ஆரத்தித் தட்டை நினைத்துப் பாருங்கள். மஞ்சள் கரைத்த தண்ணீரில் சுண்ணாம்பைச் சேர்த்ததும் அது இரத்தச் சிவப்பாகிறதல்லவா? மஞ்சளில் இருக்கிற குர்குமின் என்ற நிறமி, காரத்தைத் தொட்டால் சிவக்கும். வெள்ளைச் சட்டையில் சாம்பார் பட்ட இடத்தில் சோப்புப் போட்டதும் கறை சிவந்து, அலசியதும் மறுபடி மஞ்சளாவதும் இதனால்தான். அந்த ஆரத்தி நீரில் எலுமிச்சையைப் பிழிந்துகொண்டே வந்தால் ஒரு கட்டத்தில் மஞ்சள் நிறம் திரும்பிவிடும். நடுநிலையாக்கல் என்று புத்தகத்தில் இருப்பது இதுதான். செம்பருத்திப் பூவை வெந்நீரில் ஊறவைத்த சாறும் நல்ல நிறங்காட்டி. எலுமிச்சைக்கு அடர் இளஞ்சிவப்பாகும், சோப்புத் தண்ணீருக்குப் பச்சையாகும். புளி, மோர், சமையல் சோடா என்று சமையலறையில் இருப்பதையெல்லாம் பிள்ளை எடுத்து வரட்டும். ஒவ்வொன்றையும் ஊற்றும் முன் என்ன நிறம் வரும் என்று அது சொல்லிவிட வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை.

இங்கே ஓர் எச்சரிக்கை. கழிவறை கழுவும் ஆசிடையும் பிளீச்சிங் பவுடரையும் இந்த விளையாட்டில் சேர்க்கவே கூடாது. இரண்டும் கலந்தால் குளோரின் வாயு வரும், அது நச்சு. சுண்ணாம்பு கண்ணில் படாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒளிச்சேர்க்கை கொஞ்சம் சிக்கலான பாடம். பிள்ளை வரையறையை மூச்சுவிடாமல் ஒப்பிக்கும். "நம்ம தெரு வேப்பமரம் இவ்வளவு கனமா இருக்கே, அந்தக் கனம் எங்கிருந்து வந்தது?" என்று கேளுங்கள். "மண்ணிலிருந்து" என்று பதில் வரும். அப்போது வான் ஹெல்மாண்ட் கதையைச் சொல்லலாம். இன்றைய பெல்ஜியத்தைச் சேர்ந்த விஞ்ஞானி, நானூறு ஆண்டுகளுக்கு முந்தியவர். சுமார் 90 கிலோ காய்ந்த மண்ணை எடை போட்டு ஒரு தொட்டியில் நிரப்பி, இரண்டு கிலோ சொச்சம் இருந்த வில்லோ மரக்கன்றை நட்டார். தண்ணீர் மட்டும் ஊற்றினார். ஐந்து ஆண்டு கழித்து மரம் ஏறக்குறைய 77 கிலோ. மண்ணைக் காயவைத்து மறுபடி எடை போட்டால் குறைந்திருந்தது 60 கிராம்கூட இல்லை. அவர் இறந்த பிறகு 1648-ல் இது அச்சில் வந்தது.

மண்ணிலிருந்து வரவில்லை என்பது சரி. அப்படியானால் மரம் முழுவதும் தண்ணீர்தான் என்று முடிவு கட்டிவிட்டார் அவர். காற்றிலிருக்கும் கார்பன் டை ஆக்ஸைடும் மரமாகிறது என்பது அவருக்குத் தெரியவில்லை. இதில் வேடிக்கை, கரியை எரித்தால் வரும் அந்த வாயுவை ஆராய்ந்தவரே அவர்தான்! அளந்ததில் பிழை இல்லாமலே முடிவில் பிழை வரலாம் என்பதை 12 வயதுப் பிள்ளை இந்தக் கதையிலிருந்து எளிதாகப் பிடித்துக்கொள்ளும்.

இதே பாடத்துக்கு வீட்டில் செய்ய ஒன்று உண்டு. காயத்துக்குப் போடுகிற பீட்டாடின் திரவத்தில் இரண்டு சொட்டை, தண்ணீர் விட்டு டீ நிறத்துக்கு நீர்த்துக்கொள்ளுங்கள். வெட்டிய உருளைக்கிழங்கிலோ சோற்றுக் கஞ்சியிலோ விட்டால் கருநீலமாகும், அங்கே ஸ்டார்ச், அதாவது செடி ஒளிச்சேர்க்கையில் செய்த உணவைச் சேர்த்துவைக்கிற மாவுச்சத்து, இருக்கிறது என்று அர்த்தம். வெள்ளரிக்காயில் விட்டுப் பார்த்து ஒப்பிடச் சொல்லுங்கள். சோதித்ததை யாரும் சாப்பிட்டுவிடாமல் கொட்டிவிடுங்கள். இலையில் செய்கிற சோதனைக்கு ஆல்கஹாலைச் சூடாக்க வேண்டும், அதைப் பள்ளி ஆய்வகத்துக்கே விட்டுவிடலாம்.

ப்ராஜெக்ட் என்ற பெயரில் இரவு பதினொரு மணிக்கு அப்பா தெர்மாகோல் வெட்ட, அம்மா பெயின்ட் அடிக்க, பிள்ளை தூங்கிக்கொண்டிருக்கிற வீடுகளைப் பற்றியும் ஏதாவது சொல்ல வேண்டும். அப்படிச் செய்கிற எரிமலை மாடலால் பெற்றோருக்குக் கைவேலை நன்றாக வரும், வேறு பயன் எனக்குத் தெரியவில்லை. மேலே சொன்ன நிறங்காட்டிச் சோதனையைப் பிள்ளை தன் கையெழுத்தில், தான் முதலில் என்ன நினைத்தது என்பதோடு சேர்த்து எழுதிக் கொண்டுபோனால் போதும்.

உங்களுக்குப் பதில் தெரியாத கேள்வி வரத்தான் செய்யும். "எனக்கும் தெரியலை, நாளைக்கு டீச்சர்கிட்ட கேட்டு வந்து எனக்குச் சொல்லு" என்று அனுப்புங்கள். அரசுப் பள்ளி என்றால் இந்த வகுப்புகளுக்காகவே தமிழ்நாடு அரசு 2022-ல் தொடங்கிய வானவில் மன்றம் என்ற திட்டம் இருக்கிறது. அதன் கருத்தாளர்கள் சோதனைப் பொருள்களோடு பள்ளிக்கே வருகிறார்கள், அவர்களிடமும் கேட்கலாம்.

மதிப்பெண்ணைப் பற்றிப் பேசாமல் போனால் கோபித்துக்கொள்வீர்கள். இந்த வகுப்புகளில் மதிப்பெண் போவது பெரும்பாலும் சின்ன இடங்களில்தான். அளவை எழுதிவிட்டு அலகை விட்டுவிடுவது, படம் வரைந்துவிட்டுப் பாகங்களைக் குறிக்காமல் விடுவது, "ஏன்" என்று கேட்ட கேள்விக்கு "என்ன" என்று பதில் எழுதுவது. விடைத்தாள் வீட்டுக்கு வந்ததும் மொத்த மதிப்பெண்ணைப் பார்த்துத் திட்டாமல், எந்த இடத்தில் போயிருக்கிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். அப்புறம், பரீட்சைக்கு முந்தைய நாள் இரவு ஐஸும் வேண்டாம், செம்பருத்தியும் வேண்டாம். படங்களை ஒருமுறை பார்க்கட்டும், பென்சிலைச் சீவி வைக்கட்டும், ஒன்பதரைக்குப் படுத்துவிடட்டும். வணக்கம்.