தாத்தாவின் நிஜாரும் அப்பாவின் டவுசரும்

அடுத்த கேள்வி குடியாத்தத்திலிருந்து. "தாத்தா நிஜார் என்பார், அப்பா டவுசர் என்பார், நான் ஷார்ட்ஸ் என்கிறேன். இதில் எது தமிழ்? வெள்ளைக்காரன் வருவதற்கு முன்னால் இந்த நாட்டில் கால்சட்டையே கிடையாதா?" என்று கேட்டிருக்கிறார்.

வெள்ளைக்காரனைக் கொஞ்சம் தள்ளி வைப்போம். கால்சட்டைக்குக் காரணம் குதிரை. வேட்டியோடு நாள் முழுக்கக் குதிரைமேல் உட்கார்ந்தால் தொடை புண்ணாகிவிடும். சீனாவின் துர்ஃபான் பக்கத்தில், யாங்ஹாய் இடுகாட்டில், சுமார் 3,000 ஆண்டு பழைய கம்பளிக் கால்சட்டை கிடைத்திருக்கிறது. துணியை வெட்டித் தைத்ததல்ல. காலுக்கு ஒரு துண்டு, கவட்டுக்கு அகலமாக ஒரு துண்டு என்று அளவுக்கே நெய்து இணைத்திருக்கிறார்கள். தறிக்காரர் வீட்டில் பிறந்தவர்களுக்கு அதன் அருமை புரியும்.

இந்தியாவுக்குள் மத்திய ஆசியாவிலிருந்து வந்த குஷாணர்களே கால்சட்டைக்காரர்கள்தான். அப்புறம் பாரசீகச் சொற்கள் வந்தன. பைஜாமாவில் 'பாய்' என்றால் கால், 'ஜாமா' என்றால் உடை. நம் கால்சட்டையும் அதே மாதிரி கட்டிய சொல்தான்.

உங்கள் தாத்தாவின் நிஜார் இன்னும் சுவாரசியம். அது அரபியின் 'இசார்'. அரபியில் அது கால்சட்டையே இல்லை, இடுப்பில் சுற்றும் தைக்காத துணி! ஹஜ் போகிறவர்கள் இடுப்பில் கட்டும் வெள்ளைத் துணிக்கு இன்றும் அதுதான் பெயர். மேல்விஷாரத்திலோ வாணியம்பாடியிலோ ஹஜ் போய் வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். உங்கள் குடியாத்தம் லுங்கி மாதிரி சுற்றிக்கட்டுவதன் பெயர், உருது வழியாக வரும்போது தைத்த உடுப்புக்கு மாறி, நம்மிடம் வந்ததும் முழங்காலோடு நின்றுவிட்டது.

டவுசருக்கும் இதே கதிதான். ஆங்கிலத்தில் ட்ரவுசர் என்றால் கணுக்கால் வரை. நாம் அதைப் பாதியாக வெட்டிப் பையன்களுக்குக் கொடுத்துவிட்டு, முழு நீளத்துக்குப் பேண்ட் என்று வைத்துக்கொண்டோம். இத்தாலிய நாடகங்களில் வரும் பந்தலோனே என்ற கஞ்சக் கிழவனின் பெயரிலிருந்து வந்தது பேண்ட். லண்டன் கடையில் போய்ப் பேண்ட் கேட்டால் ஜட்டியை எடுத்துக் காட்டுவார்கள், ஜாக்கிரதை.

சரி, நம் வேலூர்க் கோட்டைக்கு வருவோம். 1806 ஜூலை 10 சிப்பாய்க் கலகத்துக்கு முக்கியமான காரணங்களில் ஒன்று உடை விதி: புதுத் தலைப்பாகை, தாடி கூடாது, நெற்றிக்குறி கூடாது. கால்சட்டைக்காக யாரும் சண்டை போடவில்லை. அந்தக் காலச் சென்னைப்படைச் சிப்பாய்களின் படங்களைப் பாருங்கள்: மேலே ஆங்கிலேயச் சிவப்புக் கோட்டு, கீழே தொடையளவு அரைக்கால் சட்டை, அதற்குக் கீழே வெறுங்கால்.

எது தமிழ் என்றால், கால்சட்டைதான் இங்கேயே கட்டிய சொல். ஆனால் டெய்லரிடம் போய் "கால்சட்டை தைக்க வேண்டும்" என்று சொல்லிப் பாருங்கள். "பேண்ட்டா, டவுசரா?" என்று திருப்பிக் கேட்பார்.