கெய்ரோவின் நிழல் திரையும் ஏதென்ஸின் அங்கதமும்

நேயர்களுக்கு வணக்கம்.

13ஆம் நூற்றாண்டில் கெய்ரோவின் பாப் அல்-ஃபுதூஹ் கோட்டை வாயிலருகே கண் வைத்தியம் பார்த்தவர் இப்னு தானியால். மோசுல் நகரில் பிறந்து, மங்கோலியர் படையெடுப்புக்குப் பின் எகிப்தில் குடியேறியவர். நிழற்கூத்துக்காக அவர் எழுதிய மூன்று நாடகங்கள் நமக்குக் கிடைத்திருக்கின்றன. எகிப்தை ஆண்ட சுல்தான் பைபர்ஸ் மதுவையும் விலைமாதர் விடுதிகளையும் ஒழிக்க முனைந்த காலம் அது. முதல் நாடகத்தில், கேளிக்கையிலேயே காலத்தைக் கழித்த ஒரு பழைய படைவீரன் திருந்தி மணம் முடிக்க விரும்புகிறான். தரகி உம்மு ராஷித் பெண் பார்த்துக் கொடுக்கிறாள். முகத்திரையை விலக்கியதும் மாப்பிள்ளை அலறுகிறான்!

இதில் கிரேக்க நகைச்சுவையின் சாயல் உண்டா? இரண்டாம் நாடகமே அந்தக் கேள்விக்கு உரிய இடம். போலி மருத்துவன், பாம்பாட்டி, சோதிடன், சிங்கம் பழக்குபவன் எனச் சந்தை மனிதர்கள் ஒருவர்பின் ஒருவராகத் திரைக்கு வருகிறார்கள். கி.மு. 414இல் அரங்கேறிய, ஏதென்ஸின் நகைச்சுவை நாடகாசிரியர் அரிஸ்டோஃபனீஸின் 'பறவைகள்' நாடகத்திலும், பறவைகளுக்கென ஒரு புதிய நகரம் பிறந்த சேதி கேட்டுக் கவிஞன், குறி சொல்பவன், நிலம் அளப்பவன் என்று வரிசையாக வந்து நிற்கிறார்கள். ஒற்றுமை வியக்க வைக்கிறது.

ஆனால் ஏட்டு வழியாக இது வந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. 10ஆம் நூற்றாண்டில் அபூ பிஷ்ர் மத்தா, கிரேக்க நாடகங்களைப் பற்றிப் பேசும் அரிஸ்டாட்டிலின் 'கவிதையியல்' நூலைச் சிரியாக் மொழியிலிருந்து அரபுக்குக் கொண்டுவந்தார். அந்த நாடகங்களோ அரபுக்கு வரவில்லை. கிரேக்கத் தெருக்கூத்தான மைம், பைசாந்தியர் (கிழக்கு ரோமானியர்) ஆண்ட சிரியாவிலும் எகிப்திலும் வேரூன்றி, பிற்காலக் கலைஞர்களிடம் தங்கியது என்று 1905இல் ஆய்வாளர் யோசெஃப் ஹோரோவிட்ஸ் வாதிட்டார். உறவு ஏதேனும் இருந்தால் அது இந்த வழியாகத்தான் இருக்க முடியும்.

அதற்காக இப்னு தானியாலைக் கிரேக்கர்களின் நிழலாக்கிவிடக் கூடாது. அரிஸ்டோஃபனீஸின் நாயகன் வந்தவர்களில் பலரை அடித்து விரட்டுகிறான். இப்னு தானியாலின் ஆட்களோ தம் தொழிலின் சொல்லழகை முழுக்கக் காட்டி, காசு கேட்டு, தாமாகவே விலகுகிறார்கள். இந்தப் பரிவு கெய்ரோ கடைத்தெருவில் வாழ்ந்தவனுடையது. முதல் நாடகத்தின் முன்னுரையும் அதைத்தான் காட்டுகிறது. பழைய ஆட்டங்கள் மக்களுக்குச் சலித்துவிட்டன என்று அலி என்ற கூத்துக்கலைஞர் முறையிட்டாராம். பாவைகளுக்கு வண்ணம் தீட்டி மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ஆட்டிப் பார் என்று சொல்லி, அவருக்காகவே இப்னு தானியால் இந்த நாடகத்தை எழுதிக் கொடுத்தார்.