எந்தக் கப்பலில் வேலை பார்த்தீர்கள்?

(சென்னை ராயபுரத்தில் கப்பல் பழுதுபார்க்கும் தொழிலாளர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைமை ஏற்றிருக்கும் சங்கத் தலைவர் ஐயா அவர்களே, கிளினிக்கை மூடிவிட்டு வந்திருக்கும் மருத்துவர் அம்மையார் அவர்களே, எனக்கு முன்னால் பேசி எனக்கு எதையும் மிச்சம் வைக்காத மூத்த வழக்கறிஞர் அண்ணாச்சி அவர்களே, மைக் செட்டுக்கு ஏற்பாடு செய்த வட்டச் செயலாளர் அவர்களே, நாற்காலி போதாமல் ஓரமாக நிற்கும் தாய்மார்களே, தோழர்களே, வணக்கம். யாரையாவது விட்டிருந்தால் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

மூன்று விஷயம் பேசச் சொன்னார்கள். கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ், அதன் தூசு உடம்பை என்ன செய்கிறது, இழப்பீட்டுக்கு என்ன வழி, அதை ஏன் இன்னும் இங்கே தடை செய்யவில்லை. முதலாவதை அம்மையார் பேசுவார். நான் ஒன்றுதான் சொல்வேன். பாய்லர், நீராவிக் குழாய், என்ஜின் அறைத் தடுப்பு, கேஸ்கட் என்று பழைய கப்பலில் கல்நார் இல்லாத மூலை குறைவு. பிய்க்கும்போது பறக்கிற இழை கண்ணுக்குத் தெரியாது. இருபது, முப்பது, நாற்பது வருஷம் கழித்து மூச்சிரைப்பாக வரும், நுரையீரல் புற்றாக வரும், நுரையீரல் உறையில் மீசோதீலியோமா என்கிற புற்றாக வரும். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். இந்த நோயில் கண் கெடுவதே பேரன் பிறந்த பிறகுதான்!

ஒரு கப்பல் கதை கேளுங்கள். கிளெமென்சோ என்று பிரான்சின் விமானம் தாங்கிக் கப்பல். 2005 டிசம்பர் 31, ஊரே புத்தாண்டு கொண்டாடுகிறது, துலோன் துறைமுகத்திலிருந்து இதை இழுத்துக்கொண்டு கிளம்புகிறார்கள். எங்கே? குஜராத் அலங் கடற்கரைக்கு, உடைக்க. உள்ளே கல்நார். எத்தனை டன்? பிரெஞ்சு அரசு ஒரு கணக்கு சொல்கிறது, அங்கே கல்நாரை அகற்றிய நிறுவனமே வேறு கணக்கு சொல்கிறது. சூயஸில் எகிப்து நிறுத்திவைக்கிறது. கிரீன்பீஸ் என்கிற சுற்றுச்சூழல் அமைப்புக்காரர்கள் கப்பல் மேலேயே ஏறிவிடுகிறார்கள். எங்கள் முடிவு தெரியும்வரை உள்ளே வராதே என்கிறது நம் உச்ச நீதிமன்றம். கடைசியில் 2006 பிப்ரவரியில் ஜனாதிபதி ஷிராக்கே திரும்பி வா என்கிறார். ஆப்பிரிக்காவையே சுற்றிக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்தது! அப்புறம் இங்கிலாந்தில் ஹார்ட்டில்பூலில் வைத்து உடைத்தார்கள்.

இதை ஏன் இவ்வளவு நீட்டினேன்? அந்தக் கப்பலுக்குப் பெயர் இருந்தது, ஜாதகம் இருந்தது, கேட்க நாலு நாடு இருந்தது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் அலங்குக்கு வந்து, பெயர் தெரியாத எத்தனையோ கப்பல்களை உடைத்தவனுக்கு என்ன இருந்தது? இங்கே உட்கார்ந்திருக்கும் உங்களில் எத்தனை பேரிடம், எந்தக் கப்பலில் வேலை பார்த்தோம் என்று காட்ட ஒரு துண்டுச் சீட்டு இருக்கிறது?

சட்டத்துக்கு வருகிறேன். கல்நார் நுரையீரல் நோய், கல்நாரால் வரும் புற்று, மீசோதீலியோமா எல்லாமே தொழில்நோய்ப் பட்டியலில் உண்டு. ஈ.எஸ்.ஐ. உள்ளவர் அங்கே கேட்க வேண்டும், இல்லாதவர் இழப்பீட்டு ஆணையரிடம் போக வேண்டும். காலக்கெடுவை அண்ணாச்சி சொல்லிவிட்டார். 1995-இல் உச்ச நீதிமன்றம் கல்நார்த் தொழிலாளர் வழக்கில், உடல்நலப் பதிவேட்டை வேலையில் சேர்ந்த நாளிலிருந்து 40 ஆண்டு, அல்லது விலகிய பின் 15 ஆண்டு, எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்கச் சொன்னது. நோய் உறுதியானவருக்கு ஒரு லட்சம் ரூபாய் தரவும் சொன்னது. நல்ல தீர்ப்பு. ஆனால் பதிவேடு இருப்பது முதலாளி பீரோவில். நம்மைக் கூப்பிட்டது மேஸ்திரி, அவருக்கு பீரோவே கிடையாது. ஆணையர் முதலில் கேட்பது "எந்தக் கப்பல், எந்த வருஷம், யாரிடம்?" அப்போது போய்ச் சாட்சி தேடுவது கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்தான்.

அதனால்தான் போகிற மேடையெல்லாம் இதையே பேசுகிறேன், சலித்துக்கொள்ளாதீர்கள். தொழிலாளி கையிலேயே ஓர் அட்டை வேண்டும். கப்பல் பெயர், தேதி, இறங்கிய அறை, ஒப்பந்தக்காரர் பெயர், மேலே துறைமுக முத்திரை. ஒவ்வொரு வேலை முடிந்ததும் பதிந்து தர வேண்டும்.

மூன்றாவது, தடை. இதோ, பக்கத்து வீட்டுக் கூரையே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்தான். அதை இன்னொரு கூட்டத்தில் வைத்துக்கொள்வோம், தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார்.

அட்டை கேட்கும் மனு வரிசையாக வருகிறது. கையெழுத்தோடு, ஞாபகத்தில் இருக்கிற கப்பல்களின் பெயரையும் எழுதுங்கள். எழுத வராதவர்கள் சொல்லுங்கள், தம்பிகள் எழுதிக்கொள்வார்கள். அம்மையார் பேசி முடிப்பதற்குள் தாள் மேடைக்கு வந்துவிட வேண்டும்.