உலகச் சம்பியன்களையே தீவில் முடக்கிய சூறாவளி: கரீபியன் போகுமுன் இதைப் பாருங்கள்

வணக்கம். 2024 ஜூன் 29ஆம் திகதி பார்படோஸில் ரி20 உலகக் கிண்ணத்தை வென்ற இந்திய அணி, ஜூலை 4ஆம் திகதி காலையில்தான் டில்லியில் வந்திறங்கியது. பெரில் சூறாவளியால் விமான நிலையம் மூடப்பட்டிருந்தது. அவர்களை அழைத்துவரத் தனி விமானம் ஒழுங்கு செய்யப்பட்டது; ரொறன்ரோவில் உள்ள உறவினர் வீட்டுக்குப் போய், அங்கிருந்து மெக்சிக்கோவின் கன்கூனுக்கோ டொமினிக்கன் குடியரசின் புண்டா கானாவுக்கோ செல்லும் நம் கொழும்புக் குடும்பங்களுக்கு அந்த வசதி கிடையாது.

அத்திலாந்திக் சூறாவளிப் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை நீடிக்கும், உச்சம் செப்டெம்பரில். ஆனால் கடல் வழமைக்கு மாறாகச் சூடேறியிருந்த அந்த ஆண்டில், பெரில் ஜூலை 2ஆம் திகதிக்குள்ளேயே மிக உயர்ந்த தரமான ஐந்தாம் தரத்தை எட்டியது. அத்திலாந்திக் பதிவுகளில் அதற்கு முன் எந்தச் சூறாவளியும் அவ்வளவு முன்கூட்டி அத்தரத்தைத் தொட்டதில்லை.

[திரையில்: கூம்பு வரைபடம்]

மியாமியில் உள்ள அமெரிக்கத் தேசிய சூறாவளி நிலையம் வெளியிடும் இந்தக் கூம்பைப் பார்த்து, போகப் போகச் சூறாவளி பெரிதாகிறது என்று பலர் எண்ணுகிறார்கள். அது பிழை. மையம் அடுத்த ஐந்து நாட்களில் எங்கே இருக்கக்கூடும் என்பதை மட்டுமே கூம்பு காட்டுகிறது. நாட்கள் தள்ளிப்போக முன்னறிவிப்பின் பிழையும் கூடுவதால்தான் அது விரிகிறது. அதிலும், ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வேளைகளில்தான் மையம் கூம்புக்குள் நிற்கும்.

ஆடிவேல் ரதத்தை நினைத்துப் பாருங்கள். ரதம் காலி வீதி வழியே வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அன்று பம்பலப்பிட்டியின் குறுக்குத் தெருவில் வாகனத்தோடு சிக்கியவரிடம் கேட்டால், ரதம் போகாத தெருவிலும் ரதத்தின் பாதிப்பு உண்டு என்பார். கூம்புக்கு வெளியே இருக்கும் உங்கள் ஹோட்டலின் நிலையும் அதுதான். 2024 ஜூனில் அல்பேர்ட்டோ என்ற வெப்பமண்டலப் புயலின் மையம் மெக்சிக்கோவின் தம்பிக்கோ அருகே கரையைக் கடந்தது. வடக்கே நூற்றுக்கணக்கான கிலோமீற்றருக்கு அப்பால் டெக்சஸ் கரையோர வீதிகளுக்குள் கடல்நீர் புகுந்தது.

புயலுக்குப் பெயர் வைக்கும்வரை காத்திருப்பதும் ஆபத்தானது. இதை நாம் நம் நாட்டிலேயே கண்டோம். 2016இல் ரோனு சூறாவளிக்கு மே 19ஆம் திகதி பெயர் கிடைத்தபோது, அதே காற்றழுத்தத் தொகுதியின் மழையால் அரநாயக்க மண்சரிவு நிகழ்ந்து இரண்டு நாட்கள் கடந்திருந்தன. பயணக் காப்புறுதியிலும் பெயர் முக்கியமானது: பெயர் அறிவிக்கப்பட்ட பின்னர் வாங்கிய காப்புறுதி, அந்தப் புயலால் ஏற்படும் நட்டத்தைப் பொதுவாக ஈடுசெய்யாது. டிக்கெட் எடுக்கும் நாளிலேயே அதையும் எடுத்துவிடுங்கள்.

மியாமியின் முழு அறிக்கைகள், இக்காலத்தில் இலங்கை நேரப்படி காலை 8.30, பிற்பகல் 2.30, இரவு 8.30, அதிகாலை 2.30 மணிக்கு வெளியாகும். புயற்காற்று வரக்கூடும் என்ற முதற்கட்ட எச்சரிக்கை, காற்று எட்டுவதற்குச் சுமார் 48 மணி நேரம் முன்னதாகவும், காற்று வரும் என்றே எதிர்பார்க்கும் இரண்டாவது எச்சரிக்கை சுமார் 36 மணி நேரம் முன்னதாகவும் விடுக்கப்படும். முதற்கட்டத்திலேயே பயணத் திகதியை மாற்றிவிடுவதே என் உறுதியான ஆலோசனை. இரண்டாவது எச்சரிக்கை வரும்போது சிறிய தீவிலிருந்து புறப்படும் விமானங்களில் ஆசனம் கிடைப்பது அரிதாகிவிடும்.

இந்தப் பருவத்தில் கரீபியன் செல்லும் உறவினர் இருந்தால், அவர்கள் புறப்படுமுன் இந்த வீடியோவை அனுப்பிவையுங்கள். உங்கள் பயண வழியைக் கீழே எழுதினால், அங்கே எந்த நிலையத்தின் அறிவித்தலைப் பார்க்க வேண்டும் என்று பதில் தருகிறேன்.