சப்ளை ஓடும் பேனலில் கை வைப்பதற்கு முன்

அனைவருக்கும் வணக்கம். சென்னைப் புறநகரில் இரண்டு அடித்தளங்களுடன் எழுந்துகொண்டிருக்கும் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் தற்காலிக மின்பேனலுக்கு முன்னால் நின்று பேசுகிறேன். பொருள் ஏற்றும் ஹாய்ஸ்ட்டுக்காக, இந்தப் பேனலில் காலியாக இருக்கும் ஒரு ஸ்விட்சிலிருந்து புதிய கேபிள் எடுக்க வேண்டும். நேற்று மாலை சைட் இன்ஜினியர் என்னிடம் சொன்னது இதுதான்: "மெயினை அணைக்க முடியாது சார், அடித்தளத்தில் நீர் இறைக்கும் பம்பு ஓடுகிறது. கால் மணி நேர வேலைதானே, சப்ளை இருக்கும்போதே முடித்துவிடலாம்."

வேலை கால் மணி நேரம்தான் என்றால் பம்பும் கால் மணி நேரம் நிற்கலாமே என்று நான் கேட்டேன். உண்மையில் எவ்வளவு நேரம் நிற்கலாம் என்பதை யாரும் அளந்து பார்த்திருக்கவில்லை என்பதால், நேற்றிரவு பம்பை ஒரு மணி நேரம் நிறுத்திவிட்டுக் குழிக்குள் ஒரு அளவுகோலை நட்டுப் பார்த்தோம். நீர் ஒரு சாண்கூட ஏறவில்லை.

பிரிட்டனின் 1989ஆம் ஆண்டு பணியிட மின்சார விதிமுறைகளின் 14ஆவது விதி, லைவ் வேலைக்கு, அதாவது சப்ளை ஓடும்போதே செய்யும் வேலைக்கு, மூன்று நிபந்தனைகளை ஒருங்கே கேட்கிறது: சப்ளையை நிறுத்துவது அந்தச் சூழலில் நியாயமற்றதாக இருக்க வேண்டும், அந்த நபர் அங்கே வேலை செய்வது நியாயமானதாக இருக்க வேண்டும், காயத்தைத் தடுக்கும் ஏற்பாடுகளும் செய்யப்பட்டிருக்க வேண்டும். நம் சைட்டுகளில் மூன்றாவதிலிருந்து தொடங்கிக் கையுறை எங்கே என்று தேடுகிறோமே தவிர, முதல் கேள்வியைக் கேட்பவர் அரிது. அதற்கான பதிலைப் பேனல் முன் நிற்கும் வயர்மேன் சொல்லக் கூடாது என்பது என் கருத்து. தாமதத்துக்குத் திட்டு வாங்கப்போகிறவர் அவர்தான் என்பதால், அவர் எப்போதும் "சப்ளை இருக்கும்போதே முடியும்" என்றே சொல்வார்.

ஸ்விட்ச் ஆஃபில் இருந்தால் அதன் வெளிச்செல்லும் முனைகளில் சப்ளை இல்லை, அங்கே கேபிளை மாட்டுவதில் என்ன ஆபத்து என்று சிலர் கேட்கக்கூடும். மூடியைக் கழற்றியதும் ஒரு கைப்பிடி தூரத்தில் பஸ்பார், அதாவது எல்லா ஸ்விட்சுகளுக்கும் சப்ளை கொண்டுபோகும் உலோகப் பட்டைகள், திறந்து கிடக்கிறது. அங்கே ஒரு ஸ்பேனர் நழுவி இரண்டு ஃபேஸ்களுக்கு நடுவே விழுந்தால் என்ன ஆகும் என்று கணக்கிட்டுப் பாருங்கள்: 4.5 சதவீத மின்மறுப்புள்ள (மின்னோட்டத்தைத் தடுக்கும் தன்மையுள்ள) ஒரு 500 கேவிஏ மின்மாற்றி, தன் முனையிலேயே ஷார்ட் ஆனால் சுமார் 15,000 ஆம்பியரைக் கொட்டும். கேபிளின் நீளம் அதைக் குறைக்கும் என்றாலும், மிஞ்சுவதே முகத்தையும் கைகளையும் கருக்கப் போதுமானது. மின்கசிவைக் கண்டு சப்ளையைத் துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி இருக்கிறதே என்ற ஆறுதலும் இங்கே செல்லாது. மின்சாரம் பூமிக்குக் கசிந்தால்தான் அது விழும், இரண்டு ஃபேஸ்களுக்கு இடையே நடப்பது அதற்குத் தெரியாது.

ஆகவே இன்று மதியம், ஆட்கள் சாப்பிடப் போகும் 1 மணிக்கு சப்ளையை நிறுத்துவதாக எழுதிக் கையெழுத்து வாங்கியிருக்கிறேன். மின்வாரிய ஊழியர்கள், லைனில் சப்ளை நிறுத்தப்பட்டதை உறுதி செய்யும் எல்.சி. (லைன் கிளியர்) அனுமதி வாங்காமல் கம்பத்தில் ஏறக் கூடாது என்பது நமக்குத் தெரியும். சைட்டுக்குள்ளும் அப்படியொரு தாள் இருப்பதில் தவறில்லை.

திட்டத்தின் கடினமான பகுதி இனிமேல்தான் வருகிறது. இங்கே இருக்கும் ஜெனரேட்டர், மெயின் போனால் சில நொடிகளில் தானாக ஓடத் தொடங்கும் வகையைச் சேர்ந்தது. மெயினை மட்டும் அணைத்துவிட்டு பஸ்பாருக்கு அருகில் கையைக் கொண்டுபோனால், ஜெனரேட்டரே அந்தப் பஸ்பாருக்கு உயிர் கொடுத்துவிடும். அதனால் அதைத் தானியங்கி நிலையிலிருந்து மாற்றி, நிறுத்தி, பூட்டுப் போட்டு, சாவியை வேலை செய்பவரே தன் சட்டைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும். பேனலின் மெயின் ஸ்விட்சை அணைத்தாலும் அதன் உள்வரும் முனைகளில் மீட்டர் பக்கத்து சப்ளை அப்படியே இருக்கும் என்பதால், மீட்டர் அறையிலுள்ள ஸ்விட்சையே அணைத்துப் பூட்டுகிறோம்.

சப்ளை போய்விட்டதா என்று சோதிப்பதும், முடிவு தெரியும்வரை, ஒரு லைவ் வேலைதான். கையுறை, கண்ணாடி, ரப்பர் பாய் எல்லாம் அப்போதே தேவை. கையுறையின் வாயைச் சுருட்டிக் காற்றை அடைத்து அழுத்திப் பாருங்கள், ஊசித்துளை இருந்தால் காட்டிக்கொடுத்துவிடும். சட்டைப்பையில் செருகி வைக்கும் நியான் டெஸ்டரை இதற்கு நம்பாதீர்கள். வெயிலில் அதன் ஒளியே கண்ணுக்குத் தெரியாது. இருமுனைச் சோதனைக் கருவியை முதலில் சப்ளை இருக்கும் ஓரிடத்தில் வைத்துப் பார்த்து, பிறகு இந்தப் பேனலில் ஃபேஸ்களுக்கு இடையிலும், ஒவ்வொரு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும், ஃபேஸுக்கும் எர்த்துக்கும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையிலும் பார்த்து, கடைசியில் மறுபடியும் சப்ளை இருக்கும் இடத்திலேயே சரிபார்க்க வேண்டும். நடுவில் கருவியே பழுதாகியிருக்கலாம்.

(பதிவு இங்கே நிறுத்தப்பட்டு, மாலையில் தொடர்கிறது.)

வேலை முடிந்தது. ஸ்பேனர்களை எண்ணி, மூடியை மாட்டி, பூட்டுகளைப் போட்டவர்களே எடுத்த பிறகு சப்ளை கொடுத்தோம். ஹாய்ஸ்ட் கூண்டில் யாரும் இல்லாமல், அதைத் தரையிலிருந்து சற்று உயரத்தில் நிறுத்தி, மேலே செல்லும் பொத்தானை அழுத்தியபோது அது கீழே இறங்கியது. ஃபேஸ் வரிசை மாறியிருக்கிறது; அப்படியே விட்டால் உச்சியில் கூண்டை நிறுத்த வேண்டிய லிமிட் ஸ்விட்சும் பயன்படாது. இரண்டு வயர்களை இடம் மாற்றினால் போதும், இரண்டே நட்டு. "இதற்கும் மெயினை அணைக்க வேண்டுமா சார்?" என்று வயர்மேன் தம்பி கேட்டார். மீட்டர் அறையிலும் ஜெனரேட்டரிலும் மறுபடியும் பூட்டுப் போட்டோம். இருபத்திரண்டு நிமிடம் பிடித்தது. குழியில் நின்ற அளவுகோலில் நீர் அப்போதும் சாணைத் தொடவில்லை.