டிக்கியில நெருக்கி அடுக்கிட்டா போதுமா, கட்டியே ஆகணுமா?

அடுத்த கேள்விக்குப் போவோம். ஒருத்தர் வீடு மாத்தப் போறாராம். "பின்சீட்டை மடக்கிட்டு கார்லயே பாதி சாமானை ஏத்திடலாம்னு இருக்கேன். கூரை வரைக்கும் நெருக்கமா அடுக்கிட்டா எதுவும் அசையாதே, அதுக்கு மேல கட்டவும் செய்யணுமா? கட்டில் சட்டத்தை மேல கேரியர்ல போடலாமா?"ன்னு கேட்டிருக்காரு.

நெருக்கி அடுக்கினா வளைவுல சரியாது, பள்ளத்துல உருளாது. அது வரைக்கும் சரிதான். ஆனா சடன் பிரேக் அடிச்சா சாமான் எந்தப் பக்கம் போகும்? முன்னாடிதான். அங்க அதைத் தடுக்க என்ன இருக்கு? பின்சீட்டோட சாய்மானம் இருந்துச்சு, அதைத்தான் நீங்க மடக்கிட்டீங்களே! இப்போ தடுப்புன்னு பார்த்தா முன்சீட்டும், அதுல உட்கார்ந்திருக்கிற உங்க முதுகும்தான். கூரை வரைக்கும் அடுக்கினா, மேல இருக்கிற பெட்டிக்கு அந்தத் தடுப்பும் கிடையாது. நேரா பின்மண்டைக்குத்தான் வரும்.

எவ்வளவு வேகமா வரும்னு ஒரு சின்ன கணக்கு பார்ப்போம். 50 கிலோமீட்டர் வேகத்துல ஒரு சுவத்துல மோதுறது, 10 மீட்டர் உயரத்துல இருந்து கீழ விழுறதுக்குச் சமம். அதாவது மூணாவது மாடி. கார் முன்பக்கம் நசுங்கி நின்னுடும். உள்ள இருக்கிற சாமானுக்கு அது தெரியாது, அது பாட்டுக்கு அதே வேகத்துல வந்துட்டிருக்கும். அதை அரை மீட்டர் தூரத்துக்குள்ள நிறுத்தணும்னா அதோட எடையைப் போல சுமார் 20 மடங்கு விசை வேணும். 20 கிலோ புத்தகப் பெட்டின்னா 400 கிலோ பாரம் வந்து இடிக்கிற மாதிரி. பின்கண்ணாடி ஓரமா தூக்கிப் போட்டு வைக்கிறோமே ஒன்றரை லிட்டர் தண்ணி பாட்டில், அதுவே 30 கிலோ ஆயிடும்.

அதனால முடிஞ்ச வரைக்கும் பின்சீட்டை மடக்காதீங்க. நிமிர்த்தி வெச்சு, கொக்கி சரியா மாட்டியிருக்கான்னு கையால இழுத்துப் பாருங்க. நிறைய வண்டியில அந்தப் பூட்டு பக்கத்துல ஒரு சிவப்பு அடையாளம் இருக்கும், அது வெளிய தெரிஞ்சா பூட்டு விழலைன்னு அர்த்தம். ஆள் உட்காரலைன்னாலும் பின்சீட் பெல்ட்டை மாட்டி விடுங்க, சாய்மானத்துக்கு அது கூடுதல் பிடி. எடை அதிகமான பெட்டி அடியில, சாய்மானத்தை ஒட்டி, இடைவெளியே இல்லாம இருக்கணும். ஒரு சாண் இடைவெளி விட்டாக்கூட அந்தப் பெட்டி ஓடி வந்து இடிக்கும். இஸ்திரிப்பெட்டி, டூல்ஸ் பெட்டி மாதிரி சின்னதா ஆனா கனமா இருக்கிறதை முன்சீட்டுக்குப் பின்னாடி கால் வைக்கிற இடத்துல இறக்கிடுங்க. அதை விட நல்ல இடம் கார்ல கிடையாது.

மடக்கித்தான் ஆகணும்னா கட்டித்தான் ஆகணும். டிக்கி கார்ப்பெட்டோட மூலையைத் தூக்கிப் பாருங்க, பெரும்பாலான வண்டியில இரும்பு வளையம் இருக்கும். பல பேருக்கு வண்டி வாங்கி வருஷக்கணக்கா ஆகியும் அது இருக்கிறதே தெரியாது. ராட்செட் பெல்ட்டை, அதாவது கைப்பிடியை ஆட்டி ஆட்டி இறுக்குற பட்டையை, அந்த வளையத்துல மாட்டுங்க. ஹெட்ரெஸ்ட் கம்பியிலயோ, கூரையில இருக்கிற பிளாஸ்டிக் கைப்பிடியிலயோ கட்டாதீங்க. ரெண்டு பக்கமும் கொக்கி வெச்ச ரப்பர் கயிறு விக்கிறாங்களே, அது போர்வை பறக்காம பிடிக்கத்தான் லாயக்கு. கனமான சாமான் இழுத்தா அதுவும் கூடவே நீளும்.

பெல்ட் போடுறதுல இன்னொரு சங்கதி. பெட்டிக்கு மேல பெல்ட்டைப் போட்டு இறுக்குறது பெட்டியைக் கீழ அழுத்தத்தான், அந்த அழுத்தத்துல வர்ற உராய்வுதான் பெட்டியைப் பிடிச்சு வைக்குது. பெல்ட் செங்குத்தா இறங்கினா முழு அழுத்தமும் கிடைக்கும். தரையோட 30 டிகிரில படுத்த மாதிரி போனா பாதிதான். பெட்டி குட்டையா இருந்தா இந்தப் பிரச்சனை வரும். அப்போ அடியில ஒரு ரப்பர் மேட்டை விரிச்சுட்டு, பெட்டியோட முன்பக்கத்தைச் சுத்தி பெல்ட்டைக் கொண்டு வந்து பின்னாடி இழுத்துக் கட்டுங்க.

கட்டில் சட்டம் மேல போடலாம். உங்க வண்டி மேனுவல்ல கூரைக்கு எவ்வளவு எடைன்னு போட்டிருக்கும், கேரியரோட எடையும் அதுக்குள்ளயே அடங்கும், அதை மறந்துடாதீங்க. குறுக்கால ரெண்டு கட்டு மட்டும் போதாது, முன்பக்கமும் பின்பக்கமும் ஒவ்வொண்ணு வேணும். பெல்ட்டுல ஒரு முறுக்கு விட்டுட்டா காத்துல விர்ர்ருன்னு கத்தாது. கொஞ்ச தூரம் போனதும் ஓரமா நிறுத்தி மறுபடி இறுக்குங்க, கண்டிப்பா தளர்ந்திருக்கும். மெத்தையை மட்டும் மேல போடாதீங்க, அடியில காத்து புகுந்தா அப்படியே தூக்கிடும்.

கிளம்புறதுக்கு முன்னாடி டயர் காத்து. டிரைவர் கதவுப் பக்கம் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர்ல முழு லோடுக்குன்னு தனி அளவு இருந்தா அதையே அடிங்க. பின்னாடி கனம் கூடினா ஹெட்லைட் மேல தூக்கும், எதிர்ல வர்றவருக்குக் கண் கூசும். டேஷ்போர்டுல அதை இறக்குற திருகு இருந்தா இறக்கி விடுங்க.

கட்டில் சட்டம் நீளமா இருக்கேன்னு டிக்கிக் கதவைத் திறந்து வெச்சுக் கட்டிட்டு மட்டும் ஓட்டாதீங்க. புகை உள்ள இழுத்துக்கும், அதுல இருக்கிற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. மேலயும் ஏத்த முடியலைன்னா அதை ஒரு சரக்கு வண்டியில அனுப்பிடுங்க.