கேட்பவர் மீது ஏன் பழி?

நடுவர் ஐயா அவர்களே, எதிரணி நண்பர்களே, சோமனூர்ப் பெரியோர்களே, வணக்கமுங்க.

வீரர்களின் மொத்தச் சம்பளம் இவ்வளவுதான் என்று சம்பள வரம்பு உள்ள அணியில் நட்சத்திர வீரர் தன் முழு விலையைக் கேட்பது உரிமையா, சக வீரர்களுக்குச் செய்யும் அநியாயமா? உரிமையே என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி அக்கா கபடி வீரர் பவன் ஷெராவத்தைச் சொல்லிக் கைதட்டல் வாங்கினார். 2022 புரோ கபடி ஏலத்தில் ஓர் அணியின் மொத்தப் பர்ஸ், அதாவது வீரர்களை வாங்கச் செலவழிக்கக்கூடிய தொகை, 4 கோடியே 40 லட்சம். அதில் பாதிக்கு மேல், 2 கோடியே 26 லட்சத்தை, தமிழ் தலைவாஸ் அவர் ஒருவருக்கே கொடுத்தது. முதல் ஆட்டத்திலேயே முழங்கால் போய்விட்டது. மீதிப் பசங்கதான் அணியை அரையிறுதி வரை கொண்டு போனார்கள். உண்மைதான் அக்கா, அந்தப் பசங்களுக்கு நானும் கைதட்டுகிறேன். ஆனால் அதே கதையை அந்த முழங்காலின் பக்கமிருந்து பாருங்கள். ஒரே ஒரு பிடியில் ஒரு சீசனே போகிற உடம்பு அது. விலை இருக்கிற நாளில் கேட்காமல் வேறு எந்த நாளில் கேட்பார்?

கிரிக்கெட்டுக்கு வாருங்கள். நம் சின்னப்பம்பட்டி பந்துவீச்சாளர் நடராஜனை 2017 ஐபிஎல் ஏலத்தில் பஞ்சாப் அணி 3 கோடிக்கு எடுத்தது. அடுத்த வருஷ ஏலத்தில் அதே கைக்கு 40 லட்சம்தான். ஒரே வருஷத்தில் இத்தனை இறங்குகிற தொழிலில் இருப்பவரிடம் போய் "கொஞ்சம் விட்டுக் கொடு" என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

எங்கள் அப்பா கூலிக்குத் தறி ஓட்டியவர். பாவும் ஊடையும் ஜவுளிக்காரர் தருவார், மீட்டருக்கு இவ்வளவு பைசா என்று கூலி. கூட்டிக் கேட்கப் போனால் வரும் பதில் எனக்கு இன்னும் காதில் நிற்கிறது: "உனக்குக் கூட்டினால் பக்கத்துத் தறிக்காரனுக்கு எதைக் கொடுக்கிறது?" அப்பா தலை குனிந்து திரும்பி வருவார், பக்கத்துத் தறிக்காரர் வயிற்றில் அடிக்கப் பார்த்தவர் போல. மொத்தக் கூலி இவ்வளவுதான் என்று கோடு போட்டவர் பேச்சிலேயே வரமாட்டார். சம்பள வரம்பும் அதே வேலையைத்தான் செய்கிறது ஐயா. முதலாளியோடு பேச வேண்டிய கணக்கை, இரண்டு உழைப்பாளிகளுக்கு நடுவில் சண்டையாகப் போட்டுவிடுகிறது.

கோடு எங்கே போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். 2023 முதல் 2027 வரை ஐபிஎல் ஒளிபரப்பு உரிமை 48,390 கோடி ரூபாய்க்கு விற்றது. வருஷத்துக்கு 9,600 கோடிக்கும் மேல். அதில் கிரிக்கெட் வாரியம் தன் பங்கை எடுத்துக்கொள்ளும், சரி. ஆனால் 2025க்கான ஏலத்தில் ஓர் அணிக்கு 120 கோடி, பத்து அணிக்கும் சேர்த்து 1,200 கோடிதான் வீரர்களுக்கான பர்ஸ். ரிஷப் பந்த் வாங்கிய 27 கோடியைப் பார்த்து வயிறு எரிகிறவர்கள் இந்த இடைவெளியை ஏன் பார்ப்பதில்லை?

"தோனி 4 கோடிக்குச் சென்னை அணியில் இருக்கவில்லையா?" என்று எதிரணித் தம்பி கேட்டார். ஐந்து வருஷம் இந்தியாவுக்கு ஆடாதவரை அன்கேப்டு வீரராக, அதாவது இந்தியாவுக்கே ஆடாதவர் கணக்கில், வைத்துக்கொள்ளலாம் என்ற விதியில் வந்த தொகை அது. மிச்சமான பணம் ஏலத்தில் வேறு ஆளை வாங்கப் போகும். 30 லட்சம் அடிப்படை விலைக்கு வந்த பையனுக்கு அதிலிருந்து ஒரு ரூபாயாவது போகும் என்று எந்த விதியும் சொல்லவில்லை.

அந்தப் பையனை நானும் மறக்கவில்லை. 2025 முதல், களமிறங்கும் ஒவ்வொருவருக்கும் ஆட்டத்துக்கு ஏழரை லட்சம் கட்டணம் என்று வாரியம் அறிவித்தது. ஒப்பந்தப் பணத்துக்கு மேலே தருவது. 27 கோடிக்காரருக்கும் அதே தொகை, 30 லட்சத்துக்காரருக்கும் அதே தொகை. நான்கு ஆட்டம் ஆடினால் அந்தப் பையனின் சம்பளம் இரட்டிப்பாகிவிடும். அதற்காக அவன் அணியின் நட்சத்திரம் ஒரு ரூபாய்கூடக் குறைத்துக்கொள்ள வேண்டியிருக்கவில்லை, நடுவர் ஐயா.